மயக்க ஆழக் கண்காணிப்பு

மயக்க ஆழக் கண்காணிப்பு என்பது முழு மயக்கத்தில் அறுவைச் சிகிச்சை பெறும் நோயாளி எந்த அளவுக்கு உணர்விழந்துள்ளார் என்பதை மூளை மின்னலைகளைக் கொண்டு மதிப்பிடும் முறைகளைக் குறிக்கும். பொதுவாக நெற்றியில் ஒட்டப்படும் மின்வாய்கள் இவ்வலைகளைப் பதிவு செய்கின்றன. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையில் நோயாளி விழித்தே இருக்கலாம் என்பதால் அங்கு இதற்கு வேலையில்லை.

தேவை

முழு மயக்கத்தில் தூக்க மருந்து, வலிநீக்கி, தசைதளர்த்தி ஆகியன தனித்தனியே தரப்படுகின்றன. தசைதளர்த்தி செயற்படும்போது தூக்க மருந்து போதாமல் நினைவு திரும்பினால், நோயாளியால் விரலைக்கூட அசைத்துத் தெரிவிக்க இயலாது. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் நம்பத்தக்க சான்றுகள் அல்ல. 2014இல் வெளியான பிரித்தானிய, அயர்லாந்துத் தணிக்கையில், அறுவையின்போது விழித்திருந்ததாகத் தாமாகவே தெரிவித்தோர் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர். தசைதளர்த்தி பெற்றோரில் இது 8,000க்கு ஒன்று. பெறாதோரில் 1,36,000க்கு ஒன்று.

முறைகள்

பிஸ் எனப்படும் பைஸ்பெக்ட்ரல் சுட்டெண் மிகவும் பரவலானது. இது அலைகளை 0 முதல் 100 வரையான ஒற்றை எண்ணாக மாற்றுகிறது. அறுவைக்கு 40 முதல் 60 வரை உகந்ததாகக் கொள்ளப்படுகிறது. இதன் கணிப்பு முறையை நிறுவனம் நெடுங்காலம் வெளியிடவில்லை. உயிர் தொடர்பான ஒரு கருவிக்கு இது குறையே. என்ட்ரோப்பி முறையின் கணிதமோ 2004இலேயே வெளியிடப்பட்டது. அலைகளின் ஒழுங்கின்மையை அளக்கும் இம்முறை இரண்டு எண்களைத் தருகிறது. அவற்றுள் ஒன்று நெற்றித் தசையின் மின்குறிப்புகளையும் சேர்த்துக்கொள்கிறது. செருமனியில் உருவான நார்கோட்ரெண்ட், மயக்கத்தை எழுத்துப் படிகளாகவும் வகுக்கிறது.

இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது, 1977இல் டன்ஸ்டல் விவரித்த தனிப்படுத்திய முன்கை முறை. தசைதளர்த்தி செலுத்துமுன் ஒரு கையில் காற்றுப்பட்டையை இறுக்கி மருந்து அக்கையை அடையாமல் தடுப்பர். பின்பு "என் கையைப் பிடியுங்கள்" என்று நோயாளியிடம் கூறிப் பார்ப்பர். 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 260 பேரில் 12 பேர் இவ்வாறு விடையளித்தனர். கருவி எண் தருகிறது. இம்முறை நோயாளியையே கேட்கிறது.

ஒப்பீடு

2004இல் வெளியான பி-அவேர் ஆய்வில் விழிப்பு அபாயம் மிகுந்த 2,463 பேர் இடம்பெற்றனர். வழக்கமான கவனிப்பில் 11 பேரும் பிஸ் குழுவில் 2 பேரும் விழித்திருந்தனர். ஆனால் மூச்சில் வெளிவரும் மயக்க வாயுவின் செறிவை அளந்து, அது குறைந்தால் எச்சரிக்கும் முறையுடன் ஒப்பிட்டபோது இந்த மேன்மை மறைந்தது. 2011இல் வெளியான பேக்-ரீகால் ஆய்வில், ஏறத்தாழ 5,700 பேரில், பிஸ் குழுவில் 7 பேரும் வாயு அளவீட்டுக் குழுவில் 2 பேரும் விழித்திருந்தனர். எனவே வாயு மயக்கத்தில் மூளைக் கருவி கட்டாயமில்லை எனலாம். நரம்பு வழியே மட்டும் புரோபோபால் தரும்போது அளக்க வாயு இல்லை. அதனுடன் தசைதளர்த்தியும் சேர்ந்தால் மூளைக் கண்காணிப்பைப் பிரித்தானிய மயக்கவியலாளர் சங்கம் 2018இல் பரிந்துரைத்தது.

குறைகள்

கெட்டமின் ஆழ்ந்த மயக்கத்திலும் பிஸ் எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும். இந்தியாவில் இம்மருந்து பரவலாகப் பயன்படுவதால் இங்குள்ளோர் இதை மனத்திற்கொள்ள வேண்டும். நைட்ரசு ஆக்சைடு எண்ணை அதிகம் மாற்றுவதில்லை. கணிப்புக்குச் சில நொடிகள் முதல் ஒரு நிமிடத்துக்கும் மேல் பிடிப்பதால், திரையில் தெரிவது சற்று முந்தைய நிலையே.

மிகக் கடுமையான குறை 2015இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. தூக்க மருந்தின்றித் தசைதளர்த்தி மட்டும் பெற்ற 10 தன்னார்வலர்கள் முழுமையாக விழித்திருந்தனர். எனினும் பிஸ் எண் 44 வரை இறங்கியது. அதாவது, எவரைக் காக்கக் கருவி பொருத்தப்பட்டதோ, அதே நிலையிலிருந்தவரை அது "உறங்குகிறார்" எனக் காட்டியது.