மஞ்சு வந்த கதை

சென்ற மாதம் அலுவலக வேலையாக ஒசாகா போய்வந்த என் மகன், "அப்பா, நாராவிலிருந்து உங்களுக்கு மஞ்சு கொண்டுவந்திருக்கிறேன்" என்றான். சமையலறையிலிருந்து என் மனைவி சட்டென்று எட்டிப் பார்த்தாள். பெட்டியைத் திறந்த பிறகுதான் அவளுக்கு நிம்மதி. உள்ளே சின்னச் சின்னதாகப் பழுப்பு உருண்டைகள் பத்து. மேலே மெல்லிய கோதுமைத் தோல், நடுவே சிவப்புப் பயறுப் பூரணம். எண்ணெயும் நெய்யும் இல்லாமல் ஆவியில் வெந்தது. "நம்ம கொழுக்கட்டைதானே!" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

எனக்குத் தீர்ப்பு போதாது, கோப்பு வேண்டும். முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்த பழக்கம். அதற்கும் முன்னால், புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், ஒரு சொல் வந்தால் அது பிறந்த ஊரை லாரூஸ் அகராதியில் பார்க்காமல் எங்கள் மூசே விடமாட்டார். ஆகவே மஞ்சு பிறந்த ஊரைத் தேடினேன்.

சொல் சீனத்திலிருந்து வந்தது. அங்கே அது 'மான்தோ'. 3ஆம் நூற்றாண்டில் ஜூகே லியாங் என்ற தளபதி, பொங்கி ஓடிய ஆற்றுக்கு மனிதத் தலைகளைப் பலியிட மறுத்து, மாவுக்குள் இறைச்சியை வைத்துத் தலைபோலச் செய்து ஆற்றில் விட்டார் என்று ஒரு கதை உண்டு. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் பழைய மான்தோவுக்குள் இறைச்சி இருந்தது என்பது உண்மை.

ஜப்பானுக்கு அது வந்த வழி என்று இரண்டு சொல்கிறார்கள். ஒன்று, 1241இல் சீனாவிலிருந்து திரும்பிய என்னி என்ற ஜென் துறவி, ஹகாதாவில் ஒரு தேநீர்க் கடைக்காரருக்குச் செய்முறையைக் கற்றுக்கொடுத்தது. மற்றொன்று, லின் ஜிங்யின் என்ற சீனருடையது. ஜப்பானியர் அவரை ரின் ஜோஇன் என்பார்கள். ரியூசான் தொக்கென் என்ற துறவி சீனாவிலிருந்து தாய்நாடு திரும்பியபோது, அவரோடு கப்பலேறி வந்து நாராவில் குடியேறினார். தோக்கியோவில் இன்றும் நடக்கும் ஷியோசே என்ற இனிப்புக் கடை, தன் தொடக்கம் இந்த லின்தான் என்கிறது. அவர்கள் சொல்லும் ஆண்டு 1349.

நாராவில் லின்னுக்கு ஒரு சிக்கல். மடத்துத் துறவிகள் இறைச்சி தொடமாட்டார்கள். இறைச்சியை எடுத்துவிட்டால் மான்தோ வெறும் மாவு. அவர் அந்த மண்ணில் விளைந்த அசுகி என்ற சிவப்புப் பயற்றை வேகவைத்து, இனிப்புச் சேர்த்துப் பூரணமாக வைத்தார். அப்போது ஜப்பானில் சர்க்கரை கப்பலில் வரும் அபூர்வப் பொருள். ஒருவகைக் கொடியின் சாற்றைக் காய்ச்சி எடுத்த 'அமாசுரா' என்ற பாகுதான் வழக்கமான இனிப்பு. 18ஆம் நூற்றாண்டில் யோஷிமுனே என்ற ஷோகன் கரும்புப் பயிரை ஊக்குவித்த பிறகுதான் உள்நாட்டுச் சர்க்கரை பெருகியது. ஆக, இன்று 'பாரம்பரிய ஜப்பானிய இனிப்பு' என்று பெட்டியில் அச்சடித்து விற்பது, ஒரு சீனர் பிழைக்க வந்த ஊரில் இருந்ததை வைத்துச் சமாளித்த பண்டம்.

பேரரசர் அதை விரும்பி உண்டு, அரண்மனைப் பெண் ஒருத்தியை லின்னுக்கு மணம் செய்துவைத்தார் என்று கடையின் குடும்ப வரலாறு சொல்கிறது. அந்தத் திருமணத்தில் சிவப்பும் வெள்ளையுமாக மஞ்சு வழங்கினார்களாம். ஜப்பானில் இன்றும் நல்ல காரியங்களுக்கு அந்த இரண்டு நிறத்தில் கொடுக்கிறார்கள்.

இதுவரை நன்றாகப் படித்துக்கொண்டு வந்தவன் அடுத்த வரியில் நின்றுவிட்டேன். 1358இல் ரியூசான் இறந்தார். மறு ஆண்டு, மனைவி மக்களை நாராவிலேயே விட்டுவிட்டு லின் சீனாவுக்குத் திரும்பிவிட்டார். கடையைக் குடும்பம் நடத்தியது.

என் அம்மாவின் அப்பா, பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்துக்காக சைகோனுக்குக் கப்பலேறியவர். சில வருடம் பணமும் கடிதமும் வந்தன. பிறகு இரண்டும் நின்றன. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆயா காலையில் இட்லியும் மாலையில் பூரணக் கொழுக்கட்டையும் அவித்து விற்றார். கோட்டுப் போட்ட தாத்தாவின் படம் கூடத்தில் கடைசிவரை மாட்டியிருந்தது. ஆயாவுக்கு யாரும் படம் எடுக்கவில்லை. எங்களுக்கும் அது தோன்றவில்லை.

நாராவில் கன்கோ கோயில் வளாகத்தில் லின்னுக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. ஏப்ரல் 19 அன்று இனிப்புக் கடைக்காரர்கள் மஞ்சு படைத்து விழா எடுக்கிறார்கள். எடுக்கட்டும். அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அவர் போன மறுநாள் காலையில் அடுப்பு மூட்டியது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை நானே செய்து பார்த்தேன். அசுகி கிடைக்கவில்லை, சிவப்புக் காராமணி போட்டேன். நூறு கிராம் காராமணியைக் குழைய வேகவைத்து மசித்து, நூறு கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கெட்டியாகக் கிளறி, பத்து உருண்டை பிடித்தேன். அறுபது கிராம் நாட்டுச் சர்க்கரையை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போட்டு, நூறு கிராம் மைதாவோடு கலந்தேன். மாவு கையில் ஒட்டும். சப்பாத்திக்குப் போல அழுத்திப் பிசைந்தால் தோல் ரப்பராகிவிடும். கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, கையில் மைதா தொட்டுக்கொண்டு பூரணத்தை மூடி, இட்லிப் பானையில் பன்னிரண்டு நிமிடம் அவித்தேன். மூடியில் ஒரு துணி கட்டுவது முக்கியம், இல்லாவிட்டால் நீர் சொட்டித் தோல் புள்ளி புள்ளியாகும். இது எந்தச் சமையல் புத்தகமும் சொல்லித்தந்ததல்ல. ஆயா கட்டுவார்.

மகன் ஒன்றைத் தின்றுவிட்டு, "நல்லா இருக்குப்பா. ஆனா ஒரிஜினல் இல்ல" என்றான்.

நாராவில் லின் செய்ததும் ஒரிஜினல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் இரண்டாவதை எடுத்துவிட்டான். பேசாமல் இருந்துவிட்டேன்.