வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பு

பினாங்குக்குப் பெயர் கொடுத்ததே பாக்கு மரம்தான். மலாயில் ‘பினாங்’ என்றால் பாக்கு. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் அந்தப் பாக்குக்குத் துணையாக வெற்றிலையில் ஏறும் சுண்ணாம்பு, நெடுந்தொலைவு கடந்து வந்தது.

அது கடலில் பிறந்தது. நீரில் கரைந்திருந்த கால்சியத்தைச் சிப்பி தன் ஓடாக்கிக்கொண்டது. அந்தக் கிளிஞ்சலைச் சூளையில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டபோது கரியமில வாயு பறந்தது. தண்ணீர் தெளித்ததும் மிச்சம் கொதித்துப் பூத்து, நீற்றுச் சுண்ணாம்பானது.

இங்கே வழி பிரிகிறது. ஒரு பங்கு, 2008இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற இந்நகரின் பழைய கடைவீட்டுச் சுவர்களில் பூச்சானது. காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி, கிளிஞ்சல் எதனால் ஆனதோ அதுவாகவே இறுகிவிட்டது. மறு பங்கு வாய்க்குப் போனது.

விழுங்கிய சாற்றோடு இறங்கி, வயிற்று அமிலத்தில் கரைந்து, வைட்டமின் டி துணையோடு சிறுகுடல் வழியே அது இரத்தத்தில் சேர்கிறது. உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் உண்டு. 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான். இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரையே இடம். கழுத்திலுள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இதற்குக் காவல். குறைந்தால் எலும்பிலிருந்து இறக்கும். கூடினால் அடங்கிவிடும், மிகுதியைச் சிறுநீரகம் தள்ளிவிடும்.

நாள் முழுக்க மெல்பவருக்கு இந்தக் கணக்கு பிசகலாம். சுண்ணாம்பின் காரம் சிறுநீரகத்தின் கையைக் கட்டிவிடுகிறது. தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, மனக்குழப்பம் என்று வளர்ந்து சிறுநீரகமே பழுதாகலாம். சிப்பிச் சுண்ணாம்பு சேர்த்த பாக்கால் வந்த இக்கோளாறைத் தைவான் மருத்துவர்கள் 1996இல் பதிவுசெய்தார்கள். வயிற்றுப்புண்ணுக்குப் பாலும் கார மருந்தும் கொடுத்த காலத்தில் கண்டறிந்த அதே நோய்தான்.

இரத்தத்தில் கால்சியம் ஏறப் பெரும்பாலும் பாராதைராய்டுக் கட்டியோ புற்றுநோயோதான் காரணம். வெற்றிலைப் பெட்டி யார் நினைவுக்கும் வராது. சுண்ணாம்பு கூடினால் நாக்கு அப்போதே வெந்து காட்டிக்கொடுக்கும். இரத்தம் அப்படிச் சொல்லாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். டாக்டரிடம் மாத்திரைகளின் பெயரைச் சொல்லும்போது, வெற்றிலை போடும் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.