பழந்துணியும் பின்னற்சட்டையும்

நாட்டு வரலாற்றை ஆட்சி மாற்றங்களைக் கொண்டும் சட்டங்களைக் கொண்டும் எழுதுதல் மரபு. ஒரு குடும்பத்தின் வரலாற்றுக்கு அவை போதா. மலாயாத் தோட்டப்புறத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறை வாழ்வை அறிய விரும்பும் மாணவர், அவ்வீட்டுக் குழந்தைகளுக்கு எதை உடுத்தினார்கள் என்று கேட்டாலே பாதியை அறிந்துகொள்வார். மறுபாதி, அவ்வுடைகளைப் பற்றிப் பாட்டன் பாட்டிமார் கூறும் குறைகளில் அடங்கியிருக்கிறது. அக்குறைகளை முதுமையின் முணுமுணுப்பென்று தள்ளிவிடுகிறோம். அவற்றின் பின்னே நிற்பது என்ன என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

முதற் குறை பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான். பிள்ளை பிறக்குமுன் அதற்குச் சட்டை வாங்கலாகாது, தைக்கவும் ஆகாது. பிறந்த பின்னரும் தீட்டுக் கழியும் வரையில் புதுத்துணி அதன் மேனியில் படலாகாது. தாத்தாவின் பழைய வேட்டியே பிள்ளையின் முதலாடை. பன்முறை வெளுத்து, கஞ்சியும் முரடும் போய், விரலில் வழுக்கும் பருத்தித் துணி அது. அதைக் கிழித்து, ஓரம் தைக்காமலேயே பயன்படுத்துவர். தையல் பிஞ்சு மேனியை உறுத்தும் அல்லவா? பாட்டியின் நூற்சேலை உத்தரத்தில் தொங்கித் தூளியாகும். தொட்டிலிடும் நாளில் தாய்மாமன் சீர் கொண்டு வருவான். புதுச்சட்டை, வெள்ளி அரைஞாண், பெண்பிள்ளையாயின் அரசிலை எல்லாம் அதற்குப் பிறகே.

இன்னொன்றையும் கருதவேண்டும். நம் பழைய இலக்கியத்தில் குழந்தைக்கு ஆடையைவிட அணியே பெரிது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் இளமையைக் காட்ட வந்த இடைக்குன்றூர் கிழார், அவன் காலினின்றும் கிண்கிணி அண்மையில்தான் களையப்பட்டது என்றும், கழுத்தின் தாலி இன்னும் களையப்படவில்லை என்றும் புறநானூற்றின் 77ஆம் பாட்டில் குறிக்கிறார். அத்தாலி, திருமாலின் சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் ஆகிய ஐம்படைகளின் வடிவம் பொறித்த காப்பணி. பிள்ளைத்தமிழின் முதற்பருவத்திற்கும் காப்பு என்றே பெயர். பிள்ளைக்கு முதலில் வேண்டுவது அழகன்று, காவல் என்பது தமிழர் கொண்ட எண்ணம். தோட்டத்து லயத்தில் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிய வசம்பு மணியும் கன்னத்து மைப்பொட்டும் அந்த ஐம்படைத் தாலியின் ஏழை உறவினர் எனலாம்.

பழந்துணி வழக்கத்திற்குத் தூய்மையும் மென்மையுமே காரணம் என்று இக்காலத்தார் விளக்கம் கூறுவர். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. உண்மையான காரணம் அச்சம். ரப்பர்த் தோட்டங்கள் எழுந்த காலத்தில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. 1901இல் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கத் தொடங்கினார். ஆனால் அந்த நன்மை எல்லாத் தோட்டத்தையும் எட்ட நெடுங்காலம் ஆயிற்று. நாடு விடுதலை பெற்ற 1957இலும், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 75 குழந்தைகள் முதலாண்டு நிறைவைக் காணவில்லை. இன்று அவ்வெண்ணிக்கை பத்துக்கும் குறைவு.

தங்குமோ தங்காதோ என்றிருந்த பிள்ளைக்குப் புதுச்சட்டை தைத்து வைப்பது, விதியைக் கூவி அழைப்பதாகும் என்று அஞ்சினர். கோடி என்னும் சொல்லையே பாருங்கள். புத்தாடைக்கும் அதுவே பெயர்; பிணத்தின்மீது போர்த்துவதும் கோடியே. முன்பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்தோர், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்புசாமி என்றும் குப்பம்மாள் என்றும், பிச்சை என்றும் பெயரிட்டார்கள். பழைய தமிழ்ப்பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டும் ஆசிரியர் இப்பெயர்களைக் கண்டு நகைக்கலாகாது. ஒவ்வொரு பெயரின் பின்னும், பதிவேட்டில் ஏறாமலே போன ஓர் அண்ணனோ அக்காளோ இருந்திருக்கலாம். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்றும் பெயர் அது. பழந்துணியும் அதே சூழ்ச்சியின் உடை.

தொடக்க காலத் தோட்டங்களில் பாட்டியே அரியவர் என்பதையும் மறக்கலாகாது. கப்பலேறி வந்தோர் பெரும்பாலும் இளைஞர். அவருள்ளும் ஆடவரே மிகுதி. முதியோர் ஊரிலேயே தங்கிவிட்டனர். லயத்து மருத்துவச்சியும் அண்டை வீட்டுப் பெரியவளுமே பிள்ளைகளுக்குப் பாட்டியர் ஆயினர். உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை 1938இல் இந்திய அரசு தடைசெய்த பின்னர், இங்கேயே வேர்விட்ட குடும்பங்கள் மிகுந்தன. இம்மண்ணிலேயே பிள்ளை பெற்றுப் பேரனையும் கண்ட பாட்டிமார் கூட்டம் அதன்பின்னரே பெருகியது.

அந்தப் பாட்டிமாரின் மனத்தில் மாறாத வடுவாக நின்றது சப்பானியர் காலம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் சப்பானியர் இறங்கியது முதல் 1945இல் அவர்கள் சரணடையும் வரையில் துணி வரத்து ஏறத்தாழ நின்றுபோயிற்று. சாக்கை வெட்டி உடுத்தினோர் பலர். இருந்த ஒரு சேலையைத் தாயும் மகளும் மாற்றி மாற்றி உடுத்திய கதையைக் கேளாத குடும்பம் இராது. சயாம் இரயில்பாதைக்குக் கணவனை அனுப்பிவிட்டுப் பிள்ளை பெற்றவள், அவன் விட்டுச்சென்ற வேட்டியையே கிழித்துப் பிள்ளையைச் சுற்றினாள். துணியை வீசி எறியும் பேத்தியைப் பாட்டி கடிந்துகொள்வது கஞ்சத்தனத்தால் அன்று.

போர் முடிந்தது. 1950இல் கொரியப் போர் மூள, ரப்பர் விலை ஏறிற்று. தோட்டத்தார் கையிலும் சிறிது காசு புரண்டது. மிதிவண்டியில் துணிமூட்டை கட்டிவந்த பஞ்சாபியர் தவணைக்குத் துணி தந்தனர். தவணைக்கே வாங்கிய தையல் இயந்திரம் லயத்துக்கு ஒன்றென வந்தது. கொசுவம் வைத்த கவுனும் பொத்தான் வைத்த சட்டையும் பிள்ளைகள் மேல் ஏறின. பின்னர் நைலான் வந்தது. பளபளப்பையும் கசங்காத் தன்மையையும் கண்டு தாயர் மயங்கினர். வியர்வையை உறிஞ்சாத துணி என்று பாட்டியர் வைதனர். வேர்க்குரு பாட்டியர் பக்கமே சாட்சி சொல்லிற்று.

இங்கே கம்பளிநூற் பின்னலைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். ஊசி இரண்டைக் கொண்டு கம்பளி நூலைப் பின்னும் கலை நம் மரபில் இருந்ததன்று. ஐரோப்பியப் பெண்மணிகளும் சமயப்பணியாளரும் கொண்டுவந்தது. 1852இல் பினாங்கிலும் 1854இல் சிங்கப்பூரிலும் கன்னிமாடப் பள்ளிகள் தோன்றின. அத்தகைய பள்ளிகளில் தையலும் பூவேலையும் பெண்கல்வியின் பகுதிகள். அங்கிருந்து கிராணி வீட்டுப் பெண்களுக்கும், ஆசிரியைகளுக்கும், அவர்கள் வழியே தோட்டத்து மாணவியருக்கும் இக்கலை இறங்கி வந்தது. தாய் கைநாட்டு; மகளோ ஊசிக்கண்களை எண்ணிப் பின்னுகிறாள். இளநீலக் குல்லாயும் வெண்ணிறக் காலுறையும் அணிந்த பிள்ளையை நகரத்து நிழற்படக் கடைக்குத் தூக்கிச் சென்று படம் எடுத்து, ஊருக்கு அனுப்புவது பெருமையாயிற்று. பள்ளிக்கூடம் நம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்பதற்கு அக்குல்லாயே சான்றிதழ்.

பாட்டியர் சும்மா இருப்பரா? பிள்ளை என்ன ஆட்டுக்குட்டியா, கம்பளி போர்த்த என்றனர். முப்பது பாகை வெப்பத்தில் கம்பளிச் சட்டை வேண்டுவதில்லை என்பது நியாயமே. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தாருக்கு அது தேவை. கோல சிலாங்கூரில் எதற்கு? ஆனால் வேடிக்கை என்னவெனில், குல்லாய் மட்டும் பாட்டியிடம் தேறிவிட்டது. விடியுமுன்னே பெரட்டுக்கு ஓடும் தாய், பனி இறங்கும் இருட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆயாக் கொட்டகையில் விட்டாகவேண்டும். அந்த நடைக்கு, காதை மூடும் குல்லாயைப் போல் உதவியது வேறொன்றும் இல்லை. ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவரும் பல தோட்டங்களில் யாரோ ஒருவரின் பாட்டிதானே!

நிறவேறுபாட்டுக் கதையையும் இடையில் சொல்லிவிடலாம். ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு என்னும் விதியைத் தொன்மையானது போல இன்று பேசுகிறோம். அமெரிக்க வணிக இதழொன்று 1918இல் இதை அப்படியே மாற்றிச் சொல்லியது. நம் பாட்டியருக்கோ கண்ணேறு படாத நிறம் எதுவும் உகந்ததே. கறுப்பு மட்டும் கயிற்றோடு நிற்கவேண்டும்.

பாட்டியர் கூறிய யாவும் சரியென்று நான் வாதிடவில்லை. கால்களை நேராக நீட்டி இறுகச் சுற்றுவது இடுப்பு மூட்டுக்குக் கேடு என்று மருத்துவர் கூறுகின்றனர். அவர்தம் அறிவுரைக்கே நாம் செவிசாய்க்க வேண்டும். கழுத்தில் கட்டும் கயிறும் ஆபத்தே.

1970களில் தோட்டங்களை விட்டு நகரங்களுக்குக் குடும்பங்கள் பெயர்ந்தன. உத்தரம் இல்லாத அடுக்குமாடி வீட்டில் சேலைத் தூளிக்கு இடமில்லை. மலாய்க்காரர் வீட்டில் கண்ட சுருள்வில்லும் கைலியும் தொட்டிலாயின. ஆயத்த ஆடை மலிந்தது. கழற்றி எறியும் அணையாடை பெம்பர்ஸ் என்ற ஒரே பெயரில் வீடுகளில் நுழைந்தது. கொடியில் வரிசையாக உலரும் வெள்ளைத் துணிகளைக் கொண்டு அங்கே பிள்ளை பிறந்திருப்பதை அறிந்த காலம் போயிற்று. பள்ளியில் பின்னல் கற்ற அன்றைய மகள் இன்று பாட்டி. அவள் பேரனுக்காகப் பின்னிய சட்டையை, பிள்ளைக்கு அரிப்பு வரும் என்று மருமகள் மடித்து வைத்துவிடுகிறாள். அன்று தன் தாய் சொன்னதையே, இன்று தன் மருமகள் வேறு சொல்லில் சொல்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும், இருந்தும் வருந்துகிறாள்.

பிறக்குமுன் துணி வாங்கலாகாது என்னும் தடையை உடைத்தது வாதமன்று, மருத்துவமனை. பேற்றுக்கு வரும்போது பிள்ளைக்கு வேண்டிய உடைகளைக் கொண்டு வருமாறு அங்கே கேட்கின்றனர். எனவே எட்டாம் மாதத்திலேயே பை ஆயத்தமாகிறது. புதுச்சட்டை, கையுறை, காலுறை எல்லாம் அதில் உண்டு. பாட்டி அதைப் பார்த்து ஒன்றும் பேசுவதில்லை. யாரும் காணாத நேரத்தில் பையின் அடியில், வெளுத்து மெலிந்த வேட்டித் துண்டொன்றை நான்காக மடித்து வைத்துவிடுகிறாள்.