திடலிலிருந்து நீதிமன்றத்திற்கு: ஆலன் பேஜ்



விளையாட்டில் சிறந்த மாணவன் படிப்பில் பின்தங்குவான் என்னும் எண்ணம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஆழ வேரூன்றியுள்ளது. அதனைத் தம் வாழ்வாலேயே மறுத்துக் காட்டிய ஓர் அமெரிக்கரின் வரலாற்றை இன்று எழுத விழைகிறேன். அவர் பெயர் ஆலன் பேஜ்.

அமெரிக்கக் காற்பந்து நாம் ஆடும் காற்பந்தன்று. ஓர் அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி 4 முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். அவ்வாறு முன்னேற விடாமல் எதிரே குனிந்து நிற்போரே தற்காப்பு வரிசையினர். எதிரணியின் அரணைப் பிளந்து, பந்தை எறிபவரை வீழ்த்துவது அவர்களின் பணி. ஒவ்வொரு முயற்சியிலும் உடலோடு உடல் மோதும் கடுமையான பணி அது.

பேஜ் 1945 ஆகஸ்டு 7-ஆம் நாள் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். கல்வியே உயர்வு தரும் என்று பெற்றோர் அவருக்கு ஊட்டி வளர்த்தனர். அந்நகரில் காற்பந்துப் புகழ் மண்டபம் எழுப்பப்பட்டபோது, இளைஞரான பேஜ் அதன் கட்டுமானத்தில் கூலி வேலை செய்தார். மண்டபம் 1963-இல் திறக்கப்பட்டது.

நோத்ர டாம் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பயின்று 1967-இல் பட்டம் பெற்ற அவரை, அதே ஆண்டு மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. பருமனைவிட வேகமே அவருடைய வலிமை. 1971-இல் அசோசியேட்டட் பிரஸ் வழங்கும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. வைக்கிங்ஸ் அணி 4 முறை சூப்பர் பவுல் இறுதியாட்டத்தை எட்டி நான்கிலும் தோற்றது. நான்கிலும் அவர் ஆடினார். தோல்வியால் அவர் துவளவில்லை. தம் வாழ்க்கை முழுவதையும் பந்தாட்டத்திடம் ஒப்படைக்கவுமில்லை.

சட்டம் பயில வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு. முதலில் சேர்ந்த சட்டக் கல்லூரியிலிருந்து சில வாரங்களிலேயே விலகினார். எனினும் கனவைக் கைவிடவில்லை. ஆடிக்கொண்டே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பயின்று 1978-இல் சட்டப் பட்டம் பெற்றார். நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சியால் அவருடைய எடை குறைந்திருந்தது. அதே ஆண்டு வைக்கிங்ஸ் அணி அவரை நீக்கியது. சிகாகோ பேர்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1979-இல் மராத்தான் ஓட்டத்தை ஓடி முடித்த அவர், 1981 வரை ஆடினார். தொடர்ந்து 218 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை.

1988-இல் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஒரு காலத்தில் தாம் கூலியாளாக உழைத்த அதே மண்டபம்! வழக்கமாகத் தம்மை அறிமுகம் செய்யப் பயிற்றுநரையோ உடன் ஆடியவரையோ ஆட்டக்காரர் அழைப்பர். பேஜ் அழைத்ததோ மினியாபொலிஸ் நகரப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவரை. ஏற்புரையிலும் அவர் கல்வியைப் பற்றியே பேசினார். உடன் ஆடிய சிலருக்கு அணியின் ஆட்டக் குறிப்பேட்டைப் படிக்கவே தெரியவில்லை என்பதை அவர் நேரில் கண்டிருந்தார். பள்ளியும் பல்கலைக்கழகமும் கடந்து வந்தவர்கள் அவர்கள்! எத்தனை ஆசிரியர்கள் அவர்களைப் பார்த்தும் பாராமலும் அடுத்த வகுப்பிற்கு அனுப்பியிருக்க வேண்டும்! திடலில் திறமை காட்டும் பிள்ளைக்கு வாசிப்பில் சலுகை அளிப்பது கருணையாகத் தோன்றலாம். உண்மையில் அது கைவிடுதலே.

அவ்வாண்டிலேயே மனைவி டயானுடன் பேஜ் கல்வி அறக்கட்டளையை நிறுவினார். வெள்ளையரல்லாத மாணவர்கள் ஆயிரக்கணக்கானோர் அதன் உதவியால் உயர்கல்வி பெற்றனர். உதவி பெற்றோர் தம்மினும் இளைய பிள்ளைகளுக்கு வழிகாட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

1992-இல் மின்னசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்குப் போட்டியிட முனைந்தார். அவ்விடத்திற்குத் தேர்தல் இல்லை என்ற நிலை ஏற்பட்டபோது வழக்குத் தொடுத்து வென்று, தேர்தலிலும் வென்றார். அம்மன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவரே. மும்முறை மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 70 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்னும் விதிப்படி 2015-இல் விலகினார். ஆசிரியையான தம் மகளுடன் இணைந்து சிறுவர் நூல்களும் எழுதினார். 2018-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டில், மினியாபொலிசில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பழைய பெயரை மாற்றுவதற்கு முன்னின்றவர்கள் அப்பள்ளி மாணவர்களே. சூட்டிய பெயரில் 'ஆட்டக்காரர்' என்னும் சொல் இல்லை. 'நீதிபதி பேஜ்' என்றே உள்ளது.

நம் திடலில் ஓடும் பிள்ளைகள் ஓடட்டும், கைதட்டுவோம். ஆனால் அவர்களுள் எவருக்கேனும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க இயலவில்லையெனில், போட்டி முடியும்வரை காத்திராமல் இன்றே அருகில் அமர்ந்து கற்பிப்போம்.