கேமரா லென்ஸுக்கும் பூஞ்சைத் தொற்று வரும்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வைத்தியம்

1/ மாப்பிள்ளையூரணி, தருவைக்குளம் பக்கம் கல்யாணம், காதுகுத்துக்குப் படம் எடுக்கிற தம்பிகளே, ஆசையா கேமரா வாங்கி பீரோவுல பூட்டி வச்சிருக்கிற அண்ணாச்சிகளே, இந்தத் த்ரெட் உங்களுக்குத்தான். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமா டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாத் தெரிஞ்சா அது தூசி இல்லை, பூஞ்சை.

2/ ஆஸ்பத்திரியில் காதுலயும் கருவிழியிலும் நாங்க பார்க்கிற அஸ்பர்ஜில்லஸ் வகைகள் லென்ஸிலும் வளரும். கண்ணாடி அதுக்குச் சாப்பாடு இல்லை. விரல் பட்ட எண்ணெய், தூசி, உள்ளே இருக்கிற கிரீஸ் இதெல்லாம் போதும். அது விடுகிற அமிலம் லென்ஸ் கோட்டிங்கை அரிக்கும். அந்தத் தழும்பு துடைச்சாலும் போகாது.

3/ வெப்ப நாடுகளில் இந்தத் தொல்லையை முதல்ல அனுபவிச்சவர்களில் டாக்டர்களும் உண்டு. 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுக்களை அறுத்து மலேரியா கிருமியைத் தேடினார். கொசு பறந்துவிடும்னு விசிறி கூடப் போடலை. அவர் வியர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்தன, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில் விரிசல். அதோடதான் ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்தக் கிருமியைக் கண்டார். 1902-ல் நோபல் பரிசு.

4/ ராஸுக்கு ஒரு மைக்ராஸ்கோப்தான் கெட்டது. இரண்டாம் உலகப் போரில் நியூ கினி காடுகளில் ராணுவத்தின் பைனாகுலர், கேமரா எல்லாத்திலும் பூஞ்சை படர்ந்தது. எதிரி எங்கேன்னு தெரியாம மங்கலாகிப் போனால் உயிர் போற விஷயம்.

5/ மெல்போர்ன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் டர்னர், எதெல் மெக்லென்னன் குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். கருவிக்குள்ளே பூஞ்சையைத் தடுக்க அவங்க எடுத்தது மெர்தியோலேட். அதாவது தயோமெர்சால்! பல டோஸ் தடுப்பூசிக் குப்பிகளில் கிருமி வளராமல் காக்கிற அதே மருந்து. 1946-ல் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். (பாதரசம் சார்ந்த மருந்து. நீங்க வீட்டுல முயற்சி பண்ணாதீங்க.)

6/ நமக்குச் சுலபமான வழி வேற இருக்கு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வால்டர் பாட்ரிக் 1919-ல் காப்புரிமை பெற்ற சிலிக்கா ஜெல். புது செருப்புப் பெட்டியில் இருந்து நாம தூக்கி எறியும் அந்தப் பொட்டலம்தான். ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சை முளைக்காது. அவ்வளவுதான் சூட்சுமம்.

7/ நம்ம ஊர்ல இன்னொரு எதிரி, உப்பு. மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியுதுல்ல? காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணியை இழுக்கும். கடற்கரையிலும் உப்பளத்திலும் எடுத்த கேமராவை அப்படியே பையில் போட்டால், அந்த உப்பு உலோகத்தை அரிக்கும்.

8/ துடைக்கும் முறை:
• முதல்ல காற்றுப் பம்ப், அப்புறம் மெல்லிய பிரஷ். மணல் கண்ணாடியை விடக் கடினம். சட்டை நுனியால தேய்ச்சா கீறல்தான்.
• வாயால் ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும்.
• லென்ஸ் திரவத்தைத் துணியில் விட்டு, நடுவில் இருந்து வெளியே வட்டமா துடைங்க.
• உடம்புப் பகுதியை நல்ல தண்ணியில் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு வைங்க.
• சென்சாரை விரலால் தொடவே கூடாது.

9/ வைக்கும் முறை: தோல் பை வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடிக்கும். காற்றுப் புகாத மூடி டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. 40–50 சதவீதம் இருந்தால் நிம்மதி. நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் மாத்துங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. அரிசிப் பானைக்குள் புதைக்காதீங்க, அரிசித் தூசி பூஞ்சைக்கு விருந்து. வாரம் ஒரு முறை கேமராவை வெளியே எடுத்து நாலு படம் எடுங்க.

10/ பூஞ்சை ஏற்கெனவே உள்ளே இருந்தால் நீங்களே பிரிக்காதீங்க. மற்ற லென்ஸ்களில் இருந்து தனியா வைத்து, கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுங்க.

11/ இதே கவனம் லேப் மைக்ராஸ்கோப்புக்கும் வேணும். அந்த லென்ஸ் மங்கினால் ரத்தத் துளியில் இருக்கும் மலேரியாவும் சளியில் இருக்கும் காசநோயும் தப்பிப் போகும். போட்டோ கெட்டால் இன்னொரு முறை எடுக்கலாம். நோய் தப்பினால்?

பயன்பட்டால், கேமரா வச்சிருக்கிற நண்பர்களுக்குப் பகிருங்க.