எண்ணிக்கை வேட்டை

காவலன் தன் கடமையைச் செவ்வனே செய்தானா என்பதை எதைக் கொண்டு அளப்பது? பிடிபட்ட திருடர்களின் தொகையைக் கொண்டா, திருட்டே நடவாத இரவுகளின் தொகையைக் கொண்டா? எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை காண, நியூயார்க் நகர்மன்றத்தின் 51 உறுப்பினர்கள் 2013ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நள்ளிரவு கடந்தும் கண்விழித்து வாதாட வேண்டியதாயிற்று.

1829இல் லண்டனில் புதிய காவற்படை அமைத்தபோதே விடை எழுதப்பட்டுவிட்டது. குற்றம் நிகழாமையே காவற்படையின் திறமைக்குச் சான்று என்றனர் அமைத்தவர்கள். அழகான இலக்கணம்! ஆயினும், நிகழாத ஒன்றை எப்படி எண்ணுவது? பதவி உயர்வு தருகின்ற மேலதிகாரிக்குக் காகிதத்தில் எழுதத் தக்க ஓர் எண் வேண்டுமே!

நியூயார்க்கில் ஒரு காலத்தில் அந்த எண், டாலர் கணக்காகவே இருந்தது. 1894இல் மாநில மேலவை அமைத்த லெக்ஸோ குழுவின் முன், கேப்டன் பதவிக்கு 15,000 டாலர் கொடுத்ததாக ஓர் அதிகாரியே சாட்சி சொன்னார். திறமைக்கு அளவுகோல் பணப்பை! பின்னர்க் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட், 1895இல் காவல் வாரியத் தலைவராக வந்து, இரவெல்லாம் தெருத்தெருவாய் நடந்து, கடமை மறந்து கிடந்த காவலர்களைக் கையும் களவுமாய்ப் பிடித்தார். ஒரு மனிதர் எத்தனை தெரு நடப்பார்!

நூறாண்டு கழிந்தது. 1994இல் பிறந்தது கம்ப்ஸ்டாட் என்னும் முறை. குற்றங்களைப் படத்தில் குறித்து, வட்டாரத் தலைவர்களை வரிசையாக நிறுத்திக் கணக்குக் கேட்கும் கூட்டம். பயன் இல்லாமலில்லை. 1990இல் 2,200க்கு மேலிருந்த கொலைகள், 2012இல் 419 ஆயின. இதை மறைப்பது பகுத்தறிவாகாது. இந்த முறையைக் கண்டிராத நகரங்களிலும் அந்த ஆண்டுகளில் குற்றம் குறைந்ததை மறைப்பதும் பகுத்தறிவாகாது.

படத்தின் முன் நின்று விடை சொல்ல வேண்டியவர், தமக்குக் கீழுள்ளவரிடம் என்ன கேட்பார்? எத்தனை பேரை மறித்தாய், எத்தனை அபராதச் சீட்டு எழுதினாய் என்றுதான் கேட்பார். ஏனெனில் அவை எண்ணத் தக்கவை. 2002இல் தெருவில் மறிக்கப்பட்டவர் 97,296. 2011இல் 6,85,724! 2004 தொடங்கி 2012 நடுவரை 44 இலட்சம் முறை மறித்தனர். அவற்றுள் நூற்றுக்கு 88இல் கைதும் இல்லை, அபராதச் சீட்டும் இல்லை. உடலைத் தடவிச் சோதித்தது 23 இலட்சம் முறை; ஆயுதம் அகப்பட்டது நூற்றுக்கு ஒன்றரை. மறிக்கப்பட்டவருள் கறுப்பர் நூற்றுக்கு 52, இலத்தீன் அமெரிக்க வழியினர் 31. குற்றத்தைத் தேடிப் போனவர்கள் தோலின் நிறத்தில் வந்து நின்றார்கள்!

காவலர் எல்லோரும் இதற்கு மனமுவந்து உடன்பட்டார்களா? இல்லை தோழர்களே! புரூக்ளினில் 81ஆம் வட்டாரத்துக் காவலர் ஏட்ரியன் ஸ்கூல்கிராப்ட், எண்ணிக்கை கேட்டு மேலதிகாரிகள் நெருக்கிய பேச்சுகளையெல்லாம் இரகசியமாகப் பதிவு செய்தார். கிடைத்த பரிசு என்ன? 2009 அக்டோபர் 31 அன்று மேலதிகாரிகள் அவர் வீட்டில் நுழைந்து, அவரை இழுத்துச் சென்றனர். ஆறு நாள் மனநோய்ப் பிரிவில் அடைபட்டுக் கிடந்தார். கணக்கில் பொய் சொல்லாதவன் பித்தன்! 2015இல் நகராட்சி அவருக்கு 6 இலட்சம் டாலர் கொடுக்க இசைந்தது.

மறித்தலுக்குக் கட்டாய எண்ணிக்கை வைத்து, அதை எட்டாத காவலரைத் தண்டிப்பது கூடாதென்று 2010இல் மாநிலச் சட்டம் வந்தது. 2011 அக்டோபரில் காவல்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. கட்டாய எண்ணிக்கை போயிற்று. 'செயல்திறன் இலக்கு' வந்தது. பெயர் மாறினால் பேய் ஓடிவிடுமா?

இந்தப் பின்னணியில்தான் நகர்மன்றத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, காவல்துறையை வெளியிலிருந்து ஆராயத் தலைமைக் கண்காணிப்பாளர் ஒருவரை அமர்த்துவது. மற்றொன்று, இனம் பார்த்து மறிக்கப்பட்டவர் வழக்காடும் உரிமை. கொண்டுவந்தோருள் ஒருவர் ஜுமானே வில்லியம்ஸ். கறுப்பர். நகர்மன்ற உறுப்பினராயிருந்தும் 2011இல் ஒரு விழா நாளில் கைவிலங்கு பூட்டப்பட்டவர்.

காவலர் கை கட்டப்படும், கொலை பெருகும் என்றனர் எதிர்த்தோர். மேயர் புளூம்பெர்க்கின் வாதமும் அதுவே. காவலர்மேல் வழக்கு மழை பொழியும் என்ற அச்சத்துக்குச் சட்டத்திலேயே விடை இருந்தது: இழப்பீட்டுப் பணம் கேட்க முடியாது, தவறான முறையை நிறுத்தக் கோரலாம், அவ்வளவே. வாக்கெடுத்தனர். கண்காணிப்பாளர் சட்டத்துக்கு 40க்கு 11. வழக்குரிமைச் சட்டத்துக்கு 34க்கு 17. ஜூலையில் மேயர் ஒப்பமிட மறுத்துத் திருப்பி அனுப்பினார். அவரை மீற மூன்றில் இரு பங்கு வேண்டும், அதாவது 34. ஒருவர் பின்வாங்கினாலும் சட்டம் சாகும்! ஆகஸ்டு 12 அன்று நீதிபதி ஷீரா ஷைண்ட்லின், நகரம் இம்முறையை நடத்திய விதம் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். 22ஆம் நாள் மன்றம் மீண்டும் கூடியது. 34 பேரில் ஒருவரும் அசையவில்லை.

கொலை பெருகியதா? 2014இல் மறித்தல் 50,000க்கும் கீழே இறங்கியது. கொலைகள் 333. 2017இல் 292. 2016இல் புதிய கண்காணிப்பாளர் அலுவலகம் அபராதச் சீட்டுகளை எண்ணிப் பார்த்து, சிறு குற்றச் சீட்டுகள் கூடுவதற்கும் பெருங்குற்றம் குறைவதற்கும் தொடர்பு காணவில்லை என்று அறிக்கை தந்தது.

2013 வழக்கில், மறித்தல் முறைக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் எரிக் ஆடம்ஸ். கறுப்பர், முன்னாள் காவல் கேப்டன். அவரே பின்னர் மேயரானார். சிறிய விசாரணைகளுக்கும் காவலர் கணக்கெழுத வேண்டும் என்று மன்றம் சட்டம் செய்தபோது, 2024 ஜனவரியில் அதைத் திருப்பி அனுப்பியவரும் அவரே! எழுத்து வேலை காவலரின் நேரத்தைத் தின்னும் என்றார். மக்களை எண்ணிக்கையாக்கிய நாளில் நேரம் இருந்தது. அந்த எண்ணிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்கச் சொன்னதும் நேரம் போதவில்லை! 42க்கு 9 என்ற வாக்கில் மன்றம் அவரையும் மீறியது.