காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று

தொடர்கதை எழுதுகிறவனுக்கு என்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கதையின் முதல் வரியை அவன் எழுதுவதற்கு முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வந்துவிடும். "விரைவில் ஆரம்பம்!" என்று கொட்டை எழுத்து, அதன் கீழே ஒரு படம். படம் போடுகிற நண்பர் கதையைப் படித்துவிட்டா போடுகிறார்? கதைதான் இன்னும் பிறக்கவே இல்லையே! ஆசிரியர் டெலிபோனில் கூப்பிட்டு, "கதாநாயகி எப்படி ஸார் இருப்பாள்?" என்பார். "களையாக இருப்பாள், கொஞ்சம் துடுக்கு" என்று நாமும் ஏதோ சொல்லி வைப்போம். அந்தக் 'கொஞ்சம் துடுக்கு', படத்தில் குதிரை மேல் ஏறி வாளை உருவிக்கொண்டு நிற்கும்.

எனக்கு இது நடந்தது. படத்தில் இருந்தவள் குதிரைக்காரி. என் கதையில் வந்தவளோ ஒரு சத்திரத்தில் சமையல் செய்கிறவள். மூன்றாவது வாரத்திலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. "குதிரை எங்கே?" என்று கேட்டார் ஒருவர். "ஏமாற்றிவிட்டீர்!" என்றார் இன்னொருவர். பதினோராவது வாரம் நான் என்ன செய்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு வேறு ஒரு ஊருக்குப் போவோம்.

போகச் செய்தவன் என் அக்கா பிள்ளை. எங்கள் வீட்டோடு இருந்து வேலைக்குப் போய் வருகிறவன். வீடியோ விளையாட்டில் பித்து. ஒருநாள் இரவு, "மாமா, இதைப் பாருங்கள். நான் பிறந்த சமயத்தில் நடந்தது" என்று ஒரு பழைய படத் துண்டைக் காட்டினான். பெரிய அரங்கம். திரையில் பச்சைச் சட்டை போட்ட வாலிபன் ஒருவன் குதிரையில் விரைந்து வருகிறான். அவ்வளவுதான். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று கூச்சல் போடுகிறார்கள். குழந்தைகள் அல்ல, பத்திரிகைக்காரர்களும் வியாபாரிகளுமான பெரியவர்கள்! படம் முடிந்ததும் மேடைக்கு ஒரு ஜப்பானியர் வருகிறார். ஒரு கையில் கத்தி, மறு கையில் கேடயம். வயது ஐம்பதைத் தாண்டியவர். முகத்தில் மட்டும் நவராத்திரிக்கு வேஷம் கட்டிய பையனின் சிரிப்பு.

"எதற்காக இவ்வளவு கூச்சல்?" என்று கேட்டேன்.

"மூணு வருஷக் கோபம் மாமா. அன்றைக்குத் தீர்ந்தது" என்றான்.

இதற்கு மேல் எனக்குத் தூக்கம் வருமா? கதையைக் கேட்டு, கிடைத்ததைத் தேடிப் படித்தேன்.

கம்பெனியின் பெயர் நின்டெண்டோ. ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் 1889-ஆம் வருஷம் தொடங்கியது. அப்போது அவர்கள் செய்தது பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு. சீட்டிலிருந்து பொம்மைக்கும், பொம்மையிலிருந்து மின்சார விளையாட்டுக்கும் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. மேடையில் கத்தியோடு நின்றவர் ஷிகெரு மியாமோட்டோ. அவர் சிறு பையனாக இருந்தபோது கியோட்டோவுக்குப் பக்கத்தில் சோனோபே என்ற இடத்தில் குன்றும் காடும் சுற்றித் திரிந்தாராம். அங்கே ஒரு குகையையும் கண்டுபிடித்தாராம். அந்தச் சுற்றலையே விளையாட்டாக்கி 1986-இல் கொடுத்தார். அதுதான் 'ஜெல்டா'. அதில் வரும் பையன் பெயர் லிங்க். ராஜகுமாரி ஜெல்டாவை மீட்பது அவன் வேலை. நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லுகிற ஏழு கடல் தாண்டிய கதைதான். ஆனால் தாண்டுகிறவன் நீங்களே.

1998-இல் இந்த வரிசையில் 'ஓக்கரீனா ஆஃப் டைம்' வெளிவந்தது. ஜப்பானில் 'பாமிட்சு' என்ற பத்திரிகை, விளையாட்டுகளுக்கு நாற்பதுக்கு மார்க்குப் போடும். அது நாற்பதுக்கு நாற்பது கொடுத்த முதல் விளையாட்டு இதுவே. எழுபத்தைந்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அப்புறம் வந்தது 2000-ஆம் வருஷம், ஆகஸ்டு மாதம். நின்டெண்டோ ஒரு கண்காட்சி நடத்திற்று. 'கேம்க்யூப்' என்ற தன் புதிய இயந்திரத்தின் சக்தியைக் காட்டுவதற்காகச் சில விநாடித் துண்டுகளைத் திரையிட்டார்கள். அவற்றில் ஒன்றில் லிங்கும் வில்லன் கேனன்டார்பும் கத்திச் சண்டை போட்டார்கள். முகமும் உடையும் தீப்பொறியும் சினிமாவைப் போல இருந்தன. கவனியுங்கள்: அது ஒரு விளையாட்டே அல்ல. இயந்திரத்துக்குப் போட்டுக் காட்டிய வெள்ளோட்டம். அப்படி ஒரு விளையாட்டு வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் ரஸிகர்கள் பார்த்துவிட்டார்களே! பார்த்ததை மறக்கச் சொல்ல யாரால் முடியும்? ஒரு வருஷம் முழுவதும் அந்தச் சில விநாடிகளை அவர்கள் மனத்தில் ஓட்டி ஓட்டி ஒரு முழு விளையாட்டாக வளர்த்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு வருஷத்தில் ஒரு வீட்டில் பெண் பார்த்தாயிற்று. கல்யாணப் பேச்சோ வேறு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. விளையாட்டை நடத்திச் செய்தவர் எய்ஜி அவுனுமா. இவர் தோக்கியோவில் கலைப் பள்ளியில் படித்தவர். அசையும் மரப் பொம்மைகளைச் செய்து பழகியவர். கத்திச் சண்டைத் துண்டு அவருக்கு உற்சாகம் தரவில்லை. பழைய லிங்கையே இன்னும் கொஞ்சம் மினுக்கி வைத்தால் அதில் புதிதாக என்ன இருக்கிறது என்று நினைத்தார். அந்தச் சமயத்தில் அவருடைய கோஷ்டியைச் சேர்ந்த ஹருஹானா என்ற சித்திரக்காரர் ஒரு படம் போட்டார். பெரிய தலை, பூனைக் கண், குட்டைக் கால் கொண்ட பொடியன் லிங்க். கோஷ்டி முழுவதும் அந்தப் பொடியனிடம் மயங்கிவிட்டது. கேலிச் சித்திரம் அசைவது போலவே முழு விளையாட்டையும் செய்வது என்று தீர்மானமாயிற்று. மியாமோட்டோவுக்கே முதலில் அது பிடிக்கவில்லை என்று அவுனுமா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

2001 ஆகஸ்டு மாதக் கண்காட்சியில் பொடியன் மேடை ஏறினான். போன வருஷத்துச் சினிமா வீரனை எதிர்பார்த்து வந்தவர்களின் முகத்தை நீங்கள் கற்பனை செய்துகொள்ளலாம். சிலர் ரஸித்தார்கள், பலர் கொதித்தார்கள். இந்தச் சித்திர முறைக்கு 'செல் ஷேடிங்' என்று பெயர். அதையும் ஜெல்டாவையும் சேர்த்துக் கேலியாகச் 'செல்டா' என்று ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதில் ரஸிகனுக்கு நிகர் ரஸிகன்தான்.

ஏன் இவ்வளவு கோபம் என்று யோசித்துப் பார்த்தேன். 1998-இல் பன்னிரண்டு வயதில் குதிரை ஏறி உலகத்தைக் காத்த பையனுக்கு 2001-இல் பதினைந்து வயது. மீசை அரும்புகிற பருவம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்கள் வீட்டில் 'பிளேஸ்டேஷன் 2' வந்துவிட்டது. அதில் பெரியவர்கள் விளையாடுகிற மாதிரி விளையாட்டுகள். நின்டெண்டோ என்றால் குழந்தைச் சாமான் என்ற பேச்சு வேறு. புதிய இயந்திரமோ கைப்பிடி வைத்த ஊதா நிறப் பெட்டி. சாப்பாட்டுப் பெட்டி மாதிரி! இந்த அவமானத்திலிருந்து லிங்க்தான் காப்பாற்றப்போகிறான் என்று அவன் ஒரு வருஷம் காத்திருந்தான். வந்தவன் தன்னைவிடச் சின்னப் பையன். கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தக் கோபத்தை என்னால் முட்டாள்தனம் என்று தள்ள முடியவில்லை. தவிரவும், சண்டைத் துண்டைக் காட்டியது கம்பெனிதானே? ஆசை காட்டுகிறவர்களுக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு.

மியாமோட்டோ ஆச்சரியப்பட்டுப் போனார். விளையாடிப் பார்க்கக்கூடிய அளவுக்குத் தயாராகும் வரையில் மேலே ஒன்றும் காட்டுவதில்லை என்று வாயைக் கட்டிக்கொண்டார். 2002 டிசம்பர் 13-ஆம் தேதி ஜப்பானில் அது கடைக்கு வந்தது. அடுத்த மார்ச்சில் அமெரிக்காவுக்குப் போயிற்று. 'விண்ட் வேக்கர்' என்று ஆங்கிலப் பெயர். வாத்திய கோஷ்டியை நடத்துகிறவர் கையில் ஒரு சிறு கோல் இருக்குமே, அதுபோன்ற ஒன்றை அசைத்து லிங்க் காற்றைத் திசை திருப்புவான், படகு ஓடும்.

'பாமிட்சு' இதற்கும் நாற்பதுக்கு நாற்பது கொடுத்தது. என் மருமான் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக் காட்டினான். பொடியனின் கண்ணைக் கவனிக்கச் சொன்னான். ஒரு அறைக்குள் நுழைந்தால், எது முக்கியமோ அந்தப் பக்கம் அவன் விழி தானாகத் திரும்புகிறது. பயந்தால் பயம் தெரிகிறது. பாட்டியைப் பார்த்தால் முகம் மலர்கிறது. சினிமா வீரனாக இருந்திருந்தால் இவ்வளவும் அந்த முகத்தில் வந்திருக்குமா என்பது சந்தேகம். குறை இல்லாமலும் இல்லை. குறித்த தேதிக்கு முடிக்க வேண்டுமென்று சில பகுதிகளை வெட்டினார்கள். கடைசியில் கடலில் துண்டு துண்டாகப் புதையல் தேடும் இடம் இழுவை. வாரா வாரம் தேதிக்கு எழுதித் தள்ளுகிறவன் இதைக் குற்றமாகச் சொல்லக்கூடாது.

இருந்தும் விற்பனை ஐம்பது லட்சத்தை எட்டவில்லை. அமெரிக்கக் கிளையிலிருந்து அவுனுமாவுக்குச் செய்தி வந்தது: சித்திரத்தைப் பார்த்து இது குழந்தைகளுக்கானது என்று ஜனங்கள் ஒதுங்குகிறார்கள். அப்போது அவர் கையில் பொடியனுடைய அடுத்த கதை இருந்தது. அதை வைத்துவிட்டு மியாமோட்டோவிடம் போய், "நிஜம் போன்ற ஜெல்டாவைச் செய்யலாம்" என்றார். மியாமோட்டோ முதலில் தயங்கினார். பிறகு, செய்வதானால் 'ஓக்கரீனா'வில் செய்ய முடியாமல் போனதை முதலில் செய்து பாருங்கள் என்றார். அது என்ன தெரியுமா? குதிரை மேல் இருந்துகொண்டு சண்டை போடுவது!

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இங்கேயும் குதிரை!

நாலு மாதத்தில் குதிரை ஓடிற்று. 2004 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் அதைத்தான் திரையிட்டார்கள். நான் பார்த்தேனே, அந்தக் கூச்சல் அதற்குத்தான். பிறகு அந்த விளையாட்டு தேதி தள்ளித் தள்ளி 2006 நவம்பரில் 'ட்வைலைட் பிரின்ஸஸ்' என்ற பெயரில் வெளிவந்தது; எண்பது லட்சத்துக்கு மேல் விற்றது. நல்ல விளையாட்டுத்தான். கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைத்தது.

வருஷங்கள் போயின. 2013-இல் பொடியனின் விளையாட்டைத் துலக்கி மறுபடி வெளியிட்டார்கள். இந்தத் தடவை சித்திரத்தை யாரும் கேலி செய்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்து 'நிஜ' முகங்களெல்லாம் வெளிறிப் போயிருக்க, இவன் முகம் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறதே என்று வியந்தார்கள். 2017-இல் வந்த 'ப்ரெத் ஆஃப் த வைல்ட்' சாயம் பூசிய சித்திரம் போலவே இருந்தது. மூன்று கோடிக்கு மேல் விற்றது. அதற்கும் பொறுப்பாளர் அவுனுமாதான். ஷெர்லக் ஹோம்ஸை 1893-இல் கொன்ற கோனன் டாயில், ஜனங்களின் நச்சரிப்புக்குப் பத்து வருஷம் கழித்து அவனை உயிரோடு எழுப்பினார். அவுனுமா எழுப்பியதோ ஜனங்கள் வேண்டாமென்ற சித்திரத்தை.

'விண்ட் வேக்கர்' கதையின் முடிவைச் சொல்ல வேண்டும். லிங்க் படகோட்டும் அந்தப் பெருங்கடலுக்கு அடியில் பழைய ராஜ்யம் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. 'ஓக்கரீனா'வில் ரஸிகர்கள் குதிரை விட்ட அதே ராஜ்யம். வில்லனுக்கு அதை மீட்டு ஆளவேண்டும் என்று வெறி. கிழ ராஜாவுக்கும் அதன் மேல் உயிர். கடைசியில், கேட்ட வரம் கிடைக்கும் என்ற நேரத்தில், ராஜா இந்த ராஜ்யத்தைக் கடலே கொண்டு போகட்டும் என்று கேட்கிறார். குழந்தைகளைப் புதிய தேசம் தேடிப் போகச் சொல்லிவிட்டு, தாம் அந்தத் தண்ணீரோடு இருந்துவிடுகிறார். 2001-இல் கொதித்த பையன்களில் எத்தனை பேர் இந்த இடம் வரையில் வந்தார்களோ!

இனி என் குதிரைக்காரியின் கதை. பதினோராவது வாரம் சத்திரத்துப் பெண்ணைக் குதிரையில் ஏற்றிவிட்டேன். அதற்குப் பொருத்தமாக அவளுக்கு ஒரு ராஜ வம்சத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். கண்டனக் கடிதங்கள் நின்றன, பாராட்டுகள் வந்தன. ஆசிரியர் மகிழ்ந்து இன்னும் பத்து வாரம் நீட்டச் சொன்னார். புத்தகமும் இரண்டு பதிப்புக் கண்டது. அவுனுமாவைப் போல் எனக்கும் கேட்டதைக் கொடுத்த புண்ணியம் உண்டு.

சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு நூலக விழாவில் பேசிவிட்டு இறங்கினேன். ஒரு வயதான அம்மாள் வந்து புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை.

"தம்பி, ஒண்ணு கேட்கலாமா? அந்தச் சத்திரத்திலே சமைக்கிற பொண்ணு இருந்தாளே, அவ என்ன ஆனா?"

"அவள்தானே அம்மா பிறகு குதிரை ஏறி..."

"அது வேற பொண்ணு" என்றார் அவர்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தேன். பத்தாவது வாரத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் அரிசி களைந்து வைத்துவிட்டு, உலை கொதிப்பதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் யாரோ வருகிற சப்தம் கேட்கிறது. யார் வருவதாக அப்போது நினைத்திருந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.